ராக்ட்ரிகோவைக் கொஞ்சம் சிரிக்க விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் இசைப் பக்கத்தில் மெக்சிகோ பாடகர் ராக்ட்ரிகோ கொன்சாலெஸ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அவர் பெயரைத் தமிழ் அச்சில் பார்ப்பதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனோடு ஒப்பிட்டு, 'மெக்சிகோவின் பாப் டிலன்' என்று ஆரம்பித்த கட்டுரை, அரைப் பக்கத்துக்கும் மேல் 1985 பூகம்பத்துக்கே போய்விட்டது. மனிதர் எப்படிச் செத்தார் என்று தெரிந்தது, என்ன பாடினார் என்று தெரியவில்லை.

கையில் கிட்டார், கழுத்தில் மாட்டிய ஹார்மோனிகா. சரி, டிலன் ஞாபகம் வரத்தான் செய்யும். ஆனால் ராக்ட்ரிகோ 1950இல் பிறந்தது தம்பிகோ என்ற துறைமுக ஊரில், வாஸ்தேக்கா வட்டாரத்தில். வயலினும் ஹரானா என்கிற சின்ன கிட்டாரும் வைத்துக்கொண்டு, நடுவே குரலைச் சட்டென்று உச்சிக்குத் தூக்கிப் பாடுகிற வாபாங்கோ அந்த மண்ணின் பாட்டு. அங்கே பாடகர்கள் நின்ற இடத்திலேயே குறும்பாக வரி கட்டி ஒருவரை ஒருவர் சீண்டுவார்கள். ராக்ட்ரிகோவின் நக்கலுக்கு டிலனைவிட இந்தப் பாட்டுக்காரர்களே நெருங்கிய சொந்தம் என்பது என் எண்ணம்.

கட்டுரை தொடாத இன்னொரு விஷயம், அவர் ஏன் தெருவிலும் காபிக் கடையிலும் பாடினார் என்பது. அது வெறும் ஏழ்மைக் கதை அல்ல. 1971இல் அவாந்தரோவில் நடந்த பெரிய ராக் விழாவுக்குப் பிறகு மெக்சிகோ அரசு ராக் இசையை நெருக்கியது. வானொலியும் பெரிய மேடைகளும் கதவை மூடிக்கொண்டன. மிச்சமிருந்தவை நகரத்தின் ஓரத்தில் இருந்த ஏழைப் பேட்டைகளின் கொட்டகைகள்தான். அந்த வறட்சியில்தான் இவர் தலைநகருக்கு வந்து சேர்ந்தார்.

கட்டுரையில் ஒரு தகவல் பிழையும் உண்டு. 'பல ஆல்பங்கள் வெளியிட்டு மறைந்தார்' என்று இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது அவர் வெளியிட்டது 'உர்பனிஸ்தோரியாஸ்' என்ற ஒரே ஒரு கேசட், 1984இல், சொந்த முயற்சியில். அதையும் கச்சேரிக்குக் கச்சேரி தானே கையில் எடுத்துப்போய் விற்றார். மற்றவை எல்லாம் அவர் போன பிறகு, இருந்த ஒலிப்பதிவுகளைத் தேடி எடுத்து 1986 முதல் வெளியிட்டவை.

அந்தக் கேசட்டைக் கேட்டால் போதும். 'மெட்ரோ பால்தேராஸ்' பாட்டில் ஒருவன் மெட்ரோ ரயில் நிலையக் கூட்டத்தில் தன் காதலியைத் தொலைத்துவிடுகிறான். பிறகு ரயில் ஓட்டுநரிடம், எங்கே வேண்டுமானாலும் கொண்டு போ, அந்த நிலையத்துக்கு மட்டும் வேண்டாம் என்கிறான். சோகம்தான், ஆனால் கேட்கும்போது சிரிப்பு வந்துவிடும். எல் த்ரி என்ற மெக்சிகோ ராக் குழு அதைத் தன் பாணியில் பாடிய பிறகு பாட்டு நாடெங்கும் போனது. எழுதியவர் யார் என்று தெரியாமலே முணுமுணுத்தவர்கள் எத்தனையோ பேர்! நீங்கள் போட்டிருந்த சிலைப் படம் அந்த பால்தேராஸ் நிலையத்தில் 2011இல் வைத்தது. படக்குறிப்பில் இதைச் சொல்லியிருக்கலாம்.

அவரும் நண்பர்களும் தங்களை 'ருபெஸ்த்ரே', அதாவது குகைக்காலத்து ஆட்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அதற்கு அவர் ஓர் அறிக்கைகூட எழுதினார். கையில் மரக் கிட்டார், குரலோ ரம்மிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்தது என்கிற தொனியில் போகும். அறிக்கை என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுத வேண்டுமா என்ன? ரஃபேல் கத்தானா, நீனா கலிந்தோ போன்றவர்களும் அந்தக் கூட்டம்தான். கட்டுரையில் ஒருவர் பெயரும் இல்லை. ராக்ட்ரிகோ தனி மரமாகவே நிற்கிறார்.

மரணத்தைச் சொல்லக் கூடாது என்பதல்ல. செப்டம்பர் 19 காலை 7.19க்கு நிலம் ஆடியது, மெக்சிகோ நகரின் ஹுவாரெஸ் பகுதியில் அவர் இருந்த கட்டடம் இடிந்தது, கூட இருந்த துணைவியும் இறந்தார். அவருக்கு வயது 34. இதற்கு இரண்டு வரி போதும்.

அப்புறம், அவருடைய மகள் அமாந்திதிதீத்தா இன்று மெக்சிகோவில் பெயர் பெற்ற கும்பியா (லத்தீன் அமெரிக்க நடன இசை) பாடகி. ஆட்டம் போட வைக்கும் பாட்டுகள்தான், ஆனால் வரிகளைக் கவனித்தால் அப்பாவின் குசும்பு அப்படியே இருக்கிறது. அவரைப் பற்றியும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்.