கணேசா, அந்த தெர்மோஸ்டாட்ட திருப்பி மாட்டுடா

டேய் கணேசா,

நல்லா இருக்கியா, தங்கச்சி, பாப்பா எல்லாம் சௌக்கியமா. இங்க எல்லாரும் நலம், அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கு, மொட்டை மறுபடியும் வேலைய விட்டுட்டான், அவன் கதைய அப்புறம் சொல்றேன்.

நீ மே மாசம் போட்ட கடிதத்துக்கு இத்தன நாள் பதில் போடாததுக்கு வேலைதான் காரணம்னு சொன்னா நீ நம்பவா போற. படிச்சிட்டு சிரிச்சேன், அதான் உண்மை. சிங்கப்பூர்ல இந்த காக்கி புக்கிட் பட்டறையில இருபத்தி ரெண்டு வருஷமா வண்டிக்கு அடியில படுத்து எந்திரிக்கிறவன்கிட்ட வந்து ஹீட்டர் வேலை செய்யலன்னு கேட்டா என்னடா சொல்லுவேன், இங்க ஹீட்டர் கோர், அதான் ஹீட்டரோட குட்டி ரேடியேட்டர், ஒழுகுச்சுன்னா ரெண்டு ஹோஸையும் ஒரு பைப்ப வச்சு ஒண்ணா சேர்த்து கிளிப் போட்டு அனுப்பிருவோம், நானே எத்தன வண்டிக்கு அப்படி பண்ணியிருக்கேன், ஒருத்தனும் திரும்பி வந்து எனக்கு சூடு வரலன்னு கேட்டதில்ல. பக்கத்து பட்டறை அங்கிள்கிட்டயும் உன் கடிதத்த சொன்னேன், அவரும் சிரிச்சாரு. நீ நியூசிலாந்துல, அந்த ட்வைசல்ல, போர்வைய சுத்திக்கிட்டு லேண்ட் குரூசர் ஓட்டுறத நெனச்சு ரெண்டு பேரும் கோப்பிய சிந்திட்டோம்.

அப்புறம் போன செவ்வாய்க்கிழம ஒரு பழைய டீசல் லாரி வந்துச்சு. இன்ஸ்பெக்‌ஷன் வருது, புகை ஜாஸ்தியா தள்ளுது, டீசல் குடிக்குது, பாருன்னு தவ்கே, எங்க முதலாளி, சொன்னாரு. ஒரு ரவுண்டு ஓட்டி பாத்தேன், இந்த வெயில்ல அர மணி நேரம் ஓடியும் டெம்பரேச்சர் முள்ளு கால்வாசிய தாண்டல. மூடிய கழட்டி பாத்தா உள்ள காலி. இஞ்சின் தண்ணியோட சூட்ட கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட்டே இல்ல. எந்த மெக்கானிக்டா இந்த வேலைய பாத்ததுன்னு கத்தப் போனேன், வாய் பாதியில நின்னு போச்சு.

ஏன்னா உனக்கு அந்த வேலைய பாக்க சொன்னவன் நான்தானே. ஞாபகம் இருக்கா, போன டிசம்பர், உங்க ஊரு வெயில் காலம், ட்ரெய்லர் இழுத்துக்கிட்டு மேடு ஏறும்போது முள்ளு மேல போகுதுன்னு போன் பண்ணுன. நான் தேக்கா மார்க்கெட்ல மீன் வாங்கிக்கிட்டு இருந்தேன், கையில பை, காதுல போன், "தெர்மோஸ்டாட்ட கழட்டி வீசுடா, எல்லாம் சரியாகும்"னு பெரிய இவன் மாதிரி சொன்னேன். நீயும் கழட்டிட்ட.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்த மறுபடி எடுத்து படிச்சேன். பர்க்ஸ் பாஸ் மலைப்பாதை கிட்ட காலையில கண்ணாடி உள்பக்கம் மூடி, ரோடு தெரியாம கையால தொடச்சு தொடச்சு ஓட்டி, கடைசில ஓரங்கட்டினதையும் பாப்பா பின்னாடி தூங்கிக்கிட்டு இருந்ததையும் ஒரே வரியில எழுதிட்டு அடுத்த வரியில ரக்பிக்கு போயிட்ட. மொத தடவ படிச்சப்ப அந்த வரி என் கண்ணுல படவே இல்லடா. அன்னிக்கு ராத்திரி சரியா தூங்கல.

சரி, இப்ப நான் சொல்றத ஒழுங்கா கேளு. தெர்மோஸ்டாட்ங்கிறது வாசல் கேட்டு மாதிரி. இஞ்சின் தண்ணி சூடாகுற வரைக்கும் ரேடியேட்டருக்கு போக விடாம இஞ்சினுக்குள்ளயே சுத்த விடும். அத கழட்டிட்டா தண்ணி ஆரம்பத்துலேருந்தே ரேடியேட்டருக்கு போய் உங்க ஊரு பனிக்காத்துல குளிச்சிட்டு திரும்பி வருது, அந்த தண்ணிதான் டேஷ்போர்டுக்கு பின்னாடி இருக்குற ஹீட்டர் கோருக்கும் போகுது, அப்புறம் எங்கேருந்து சூடு வரும். இதுல இன்னொரு கொடும, சில தெர்மோஸ்டாட்டுக்கு அடியில ஒரு தட்டு இருக்கும், சூடானதும் பைபாஸ, அதான் ரேடியேட்டருக்கு போகாம தண்ணி திரும்புற குறுக்கு வழிய, அடைக்கும், அத கழட்டினா பைபாஸ் திறந்தே கிடக்கும், சுடுதண்ணில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம சுத்தும். அதாவது மேட்டுல சூடு ஏறுதுன்னு கழட்டினா அதனாலயே இன்னும் சூடு ஏறலாம். இதெல்லாம் எனக்கு தெரியும்டா, ஐடிஈ தொழிற்கல்லூரில படிச்சது, ஆனா ஊரே கழட்டுதுன்னு நானும் கழட்டிட்டு இருந்தேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் ஐடில்ல, நின்ன எடத்துலயே, ஓட விட்டு சூடாக்குறேன்னு எழுதியிருந்த பாரு, அத மொதல்ல நிப்பாட்டு. உன் 1எச்இசட் இஞ்சின் 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், அம்மாம்பெரிய இரும்பு. ஐடில்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் துளி டீசல், மீதி முழுக்க குளிர்காத்து, அந்த துளி எரிஞ்சு அவ்வளவு இரும்பையும் எப்படி சூடாக்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவத்துல இருக்குற ஆயில கழுவிக்கிட்டு கீழ இறங்கும், அவ்வளவுதான் லாபம். ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷம், கண்ணாடி ஐஸ சுரண்டு, அப்புறம் ஆக்ஸலேட்டர மிதிக்காம மெதுவா உருட்டிக்கிட்டே போ, லோடு விழுந்தாதான் டீசல் இஞ்சின் சூடாகும். இங்க நின்ன எடத்துல இஞ்சின ஓட விட்டா அபராதம், அந்த ஒரு விஷயத்துலயாவது எங்க ஊரு உனக்கு நல்லத கத்துக் குடுத்திருக்கலாம். காலையில வெள்ளப் புகையோட நொண்டுதுன்னா ஸ்டார்ட்டுக்கு சிலிண்டர சூடாக்குற குளோ பிளக் ஆறையும் மீட்டர் வச்சு பாரு, ஒண்ணு ரெண்டு செத்திருக்கும்.

உனக்கு ஒரு தெர்மோஸ்டாட் வாங்கிட்டேன், காஸ்கெட்டோட. உன் இஞ்சின் பேர சொல்லித்தான் வாங்கினேன், மேல 82னு அடிச்சிருக்கு, அந்த டிகிரிலதான் அது திறக்க ஆரம்பிக்கணும். அனுப்புறதுக்கு முன்னாடி சோதிக்கலாம்னு அம்மாவோட ரசச் சட்டியில தண்ணி வச்சு, நூல்ல கட்டி தொங்க விட்டு, பக்கத்துல சமையல் தெர்மாமீட்டர். 70 ஆச்சு, சும்மா இருந்துச்சு, 80 ஆச்சு, அப்பயும் கல்லு மாதிரி. 83 கிட்ட ஓரமா ஒரு முடி அளவு இடைவெளி, அதுக்கப்புறம் மெதுவா, பூ விரியுற மாதிரி, ஸ்பிரிங்க அமுக்கிக்கிட்டு திறந்துச்சு பாரு. உள்ள இருக்குறது வெறும் மெழுகு, உருகி பெருத்து ஊசிய தள்ளுது, அவ்வளவுதான், கரண்டு கிடையாது ஒண்ணும் கிடையாது. அடுப்ப அணைச்சேன், ஆற ஆற அதுவா மூடிக்கிச்சு. இத்தன வருஷத்துல எத்தன கழட்டி குப்பையில போட்டிருப்பேன், ஒண்ண கூட இப்படி நின்னு பாத்ததில்ல. நாலு தடவ பண்ணி பாத்தேன். அம்மா வந்து பாத்துட்டு இனிமே அந்த சட்டியில ரசம் வைக்க மாட்டேன்னுட்டாங்க, புது சட்டி வாங்கிக் குடுத்தாச்சு, அந்த காசு உன் கணக்குல.

மாட்டும்போது விளிம்புல ஒரு குட்டி ஊசி ஆடிக்கிட்டு இருக்கும், அது மேல் பக்கமா வரணும், காத்து வெளிய போற வழி அது. மாட்டிட்டு நல்லா சூடாகுற வரைக்கும் ஓட்டிட்டு வந்து, ஃபயர்வாலுக்குள்ள, அதான் இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற தகடுக்குள்ள, போற ரெண்டு ஹீட்டர் ஹோஸையும் தொட்டு பாரு, பாத்து தொடு, உன்ன நம்ப முடியாது. ரெண்டும் சுட்டா நல்லது. ஒண்ணு சுட்டு இன்னொண்ணு ஜில்லுன்னு இருந்தா கோருக்கு சுடுதண்ணி விடுற ஹீட்டர் டேப் திறக்கல, கேபிள் நழுவியிருக்கும், இல்லன்னா கோர் அடைச்சிருக்கு, தோட்டத்து ஹோஸ வச்சு தண்ணிய எதிர்பக்கமா மெதுவா விடு, சேறா வரும். தோட்டத்து குழாய வேகமா திறந்துடாத, பழைய கோர், பிச்சுக்கும்.

இன்னொண்ணு, இதுதான் எனக்கு வயித்த கலக்குது. டிசம்பர்ல கழட்டினப்ப தண்ணி கொட்டியிருக்கும்ல, திருப்பி என்ன ஊத்தின? நான் போன்ல சொன்னது பைப்புத் தண்ணியா இருந்தா போதும்னுதான் இருக்கும், இங்க அப்படித்தான் சொல்லுவோம். அங்க அது உறைஞ்சா பிளாக்கே வெடிச்சிரும்டா. இத படிச்ச உடனே போய் கூலன்ட்ட, அதான் தண்ணி உறையாம இருக்க கலக்குற மருந்த, செக் பண்ணு, நாளைக்குன்னு வைக்காத. கூலன்ட்டும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்தா மைனஸ் 37 டிகிரி வரைக்கும் பயமில்ல.

கண்ணாடிக்கு, காத்த உள்ளயே சுத்த விடுற பட்டன அமுக்காத, வெளிக்காத்து வரட்டும், சூட்டோட சேர்த்து ஏர்கானும் போடு, ஈரத்த அது இழுத்துக்கும். இங்க மழையில எங்களுக்கு கண்ணாடி வெளிப்பக்கம் மூடும், வைப்பர் போட்டா போச்சு, உனக்கு உள்பக்கம். நீ எப்பவுமே எல்லாத்துக்கும் உல்டா.

ஆன்லைன்ல மலிவா டீசல் ஹீட்டர் பாத்து வச்சிருக்கேன்னு எழுதியிருந்த. வாங்குறதுன்னா வாங்கு, ஆனா அதோட புகைக்குழாய் வண்டிக்கு வெளிய, ஜன்னல விட்டு தள்ளி போகணும், உள்ள ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வை. பாப்பா பின் சீட்டுல தூங்குற வண்டி. இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணினன்னா நான் டிக்கெட் போட்டு வந்து அடிப்பேன்.

பார்சல் நாளைக்கு போஸ்ட் பண்றேன், கூடவே அம்மா ஊறுகா குடுத்திருக்காங்க, அத உங்க ஏர்போர்ட்காரன் விடுவானான்னு தெரியல, பிடுங்கிட்டா மனச விட்டுரு. ஹோஸ் ரெண்டும் சுட்டுச்சான்னு எழுது. இல்ல வேண்டாம், போன் பண்ணு, மீன் கடையில இருந்தாலும் பைய கீழ வச்சிட்டு பேசுறேன்.

முத்து