வேலை மறுக்கப்பட்டவர் எதைக் காட்டி வழக்குப் போடுவார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆள் எடுப்பதில் பெண்களை ஒதுக்கியதற்காகப் பெருந்தொகை கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ளும் வெளிநாட்டுச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், இங்கே அப்படி ஏன் நடப்பதில்லை என்ற கேள்வி எழுகிறது. 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலியிலும் அதை நடத்திய அரசு நிறுவனத்திலும் வேலை மறுக்கப்பட்ட பெண்களுக்காக 1977இல் தொடுக்கப்பட்ட வழக்கு, சுமார் 1,100 பேருக்கு 50.8 கோடி டாலர் தர அமெரிக்க அரசு 2000இல் சம்மதித்த பிறகே ஓய்ந்தது.

நம்மிடமும் சட்டம் உண்டு. ஆள் சேர்ப்பில் பாகுபாடு கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதைச் சொல்கிறது. ஆனால் பழைய சட்டம், முதல் முறை மீறும் முதலாளிக்கு 10,000 முதல் 20,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ விதித்ததே தவிர, வேலை கிடைக்காமல் போன பெண்ணுக்கு இழப்பீடு பற்றிப் பேசவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஆதாரம். வேலைக்குச் சேரும் பெண்களிடம் மாதவிலக்குத் தேதியையும் கருவுற்ற விவரங்களையும் கேட்ட எல்.ஐ.சி. படிவத்தின் பத்திகளை நீக்கும்படி 1991இல் உச்ச நீதிமன்றம் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவை காகிதத்தில் அச்சாகியிருந்தன. இன்று அதே கேள்வி, "கல்யாணம் எப்போம்மா?" என்று நேர்முகத் தேர்வில் சிரித்தபடியே வாய்மொழியாக வருகிறது, பிறகு எந்தப் பதிலும் வராது. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் மணமான பெண்களைத் தவிர்ப்பதாக 2024 ஜூனில் செய்தி வெளியானபோது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. பத்திரிகையில் வராத ஆலைகளின் கதையை யார் கேட்பது? அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் 'திருமணமாகாத பெண்கள் தேவை, பஸ் வசதி உண்டு' என்று கூச்சமே இல்லாமல் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். மகப்பேறு விடுப்புச் செலவு என்பது இதற்குச் சொல்லப்படும் சாக்கு, இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் உள்ள தொழிலாளிக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ.யே தருகிறது என்பதால் அதுவும் எடுபடாது.

ஆகவே, விண்ணப்பங்களையும் நிராகரித்த காரணத்தையும் நிறுவனங்களும், அவற்றுக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிகளும் குறைந்தது மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று தமிழகத் தொழிலாளர் துறை விதி வகுக்க வேண்டும். கேட்கும் விண்ணப்பதாரருக்கு அந்தக் காரணம் எழுத்தில் கிடைக்க வேண்டும். சுவரில் ஒட்டிய நோட்டீஸ்கள் மீது நடவடிக்கை எடுக்கப் புதிய விதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆய்வாளர்கள் ஒரு நாள் அம்பத்தூர் வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்பத்தூர், சென்னை.