லெட் ஏப்ரன் எடுபடாத இடம்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "காலமெல்லாம் எக்ஸ்ரே ரூமில் நின்றவன் நீ. செவ்வாய்க்குப் போகிறவர்களுக்குக் கதிர்வீச்சு ஆபத்து என்கிறார்களே, நிஜமா?" என்று கேட்டிருந்தாய். நிஜம்தான்டா.

எங்கள் கணக்கிலேயே சொல்கிறேன். எங்கள் மேல் பட்ட கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் குத்திக்கொள்ளும் டிஎல்டி பேட்ஜ் மூன்று மாதத்துக்கொரு முறை சோதனைக்குப் போகும். எங்களுக்கு ஐந்து வருஷத்துக்கு 100 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவு) வரைதான் அனுமதி. என் ரிப்போர்ட் அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை. நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி 2011-12இல் செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்ததோ நாளொன்றுக்கு 1.8. போய்வரும் பயணத்துக்கு மட்டுமே சுமார் 660 ஆகும். செவ்வாயில் தங்கும் நாட்கள் தனி. நாசா ஒரு வீரருக்கு வாழ்நாள் முழுக்க அனுமதிப்பதே 600தான்!

ஈயத்தால் மூடிவிட்டால் போயிற்று என்பாய். நானும் லெட் ஏப்ரன், அதாவது ஈய அங்கி, போட்டே பழகியவன். ஆனால் அங்கே பாய்வது எக்ஸ்ரே இல்லை. எப்போதோ வெடித்த நட்சத்திரங்களிலிருந்து கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் வரும் அணுக்கருக்கள். பெரும்பாலும் புரோட்டான், நடுநடுவே இரும்பின் கருவும் உண்டு. கனமான உலோகத்தில் மோதினால் சிதறி, நியூட்ரான் போன்ற புதுத் துகள்களை உள்ளே தள்ளிவிடும். அதற்குத் தண்ணீரும் பாலிதீனுமே மேல், ஹைட்ரஜன் நிறைய இருப்பதால். அப்போலோ வீரர்கள் கண்ணை மூடிப் படுத்தபோதும் பளிச் பளிச்சென்று வெளிச்சம் தெரிந்ததாம். அந்தத் துகள்கள் கண்ணுக்குள்ளே புகுந்து போன வேலைதான்.

சூரியன் திடீரென்று துகள்களை வாரி இறைக்கும் சூரியப் புயல் இன்னொரு பக்கம். அப்போலோ 16 திரும்பியது 1972 ஏப்ரலில். 17 கிளம்பியது டிசம்பரில். இடையில் ஆகஸ்ட் 4இல் அடித்த புயலில், வியட்நாம் கடலில் அமெரிக்கா போட்டுவைத்திருந்த, காந்த மாற்றத்தில் வெடிக்கும் கண்ணிவெடிகள் தாமாகவே வெடித்தன. அன்றைக்கு யாராவது நிலாவில் நடந்துகொண்டிருந்தால் கதிர்வீச்சு நோயில் படுத்திருப்பார்கள். தப்பித்தது வெறும் அதிர்ஷ்டம் என்பேன்.

புயலுக்காவது ஒதுங்க இடமுண்டு. நாசாவின் ஓரியன் விண்கலத்தில் சாமான் பைகளைச் சுற்றி அடுக்கி நடுவில் ஒண்டிக்கொள்ளலாம். 2022இல் அதே கலத்தில் ஹெல்கா, சோஹர் என்று இரண்டு பொம்மைகளை நிலாவைச் சுற்ற அனுப்பி, சோஹருக்கு மட்டும் பாதுகாப்பு அங்கி மாட்டிப் பார்த்தார்கள். நட்சத்திரத் துகள்கள்தான் விடாத தூறல். இந்தச் சுவர்களுக்கெல்லாம் அடங்குவதில்லை. என்னைக் கேட்டால், வேகமான ராக்கெட் செய்து பயண நாட்களைக் குறைப்பதுதான் ஒரே உருப்படியான வழி.

மகள் கல்யாணப் பத்திரிகையைச் சீக்கிரம் அனுப்பு. லீவு வாங்குவதற்குள் இங்கே பிராணன் போகிறது.

அன்புடன்,
ராஜு