‘பூட்டுப் போட்டாச்சாம்’ என்று கேட்டவர்களுக்கு

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கமிருந்து நம் வைத்தியசாலைக்கு வரும் அன்பான உறவுகளுக்கு வணக்கம்.

போன கிழமை வாசலில் சுகாதாரத் திணைக்கள வாகனம் நின்றதைப் படம் பிடித்து, “ஆஸ்பத்திரிக்குப் பூட்டு” என்று யாரோ பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். பூட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் வைத்தியசாலைகள் வருடாவருடம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்காக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

எங்களுக்கு வலித்தது வேறு. “சோதனைக்குப் பயந்து பெயின்ட் அடித்தார்கள்” என்று எழுதியிருக்கிறார்கள். அடித்தோம்தான். மே மாதம் மழை பிடித்துவிட்டால் ஹட்டனில் எந்தச் சுவரில் பூஞ்சணம் இல்லை? உங்கள் வீட்டுச் சுவரையே பாருங்கள். மழைக்குள் அடித்தால் பெயின்ட் காயாது. தை, மாசியில்தான் கொஞ்சம் வெயில் காணும், பதிவு புதுப்பிக்கும் காலமும் அதுவேதான். நாங்கள் என்ன செய்வது? போன வருடமும் இதே நிறம்தான் அடித்தோம், அப்போது யாரும் படம் எடுக்கவில்லை.

சொல்லப்போனால், வந்தவர்கள் சுவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்சுலின் வைக்கும் பிரிட்ஜ் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கிறதா என்று வெப்பநிலைக் கொப்பியைப் புரட்டினார்கள். பாவித்த ஊசி போடும் பெட்டி முக்காலுக்கு மேல் நிரம்பியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள். நம் அட்டெண்டன்ட் அக்காவிடம் கை கழுவிக் காட்டச் சொன்னார்கள். அவர் விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று நிதானமாகத் தேய்த்துக் காட்டினார். வழக்கமாக வருபவர்கள் அதைத் தினமும் பார்ப்பவர்கள்தானே.

சோதனையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆள் வருகிறது என்றால் கொப்பிகள் ஒழுங்காகும், அது நல்லதுதான். ஆனால் அதனால் நோயாளிக்கு எவ்வளவு நன்மை என்பதற்கு உலகத்திலேயே ஆதாரம் குறைவு என்கிறார் நம் வைத்தியர். இதைத் தேடிப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிடும் கொக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்புக்கு, 2016இல் புதுப்பித்தபோதும் தகுதியான ஆய்வுகள் இரண்டுதான் கிடைத்தனவாம். ஒன்றில், தென்னாபிரிக்க வைத்தியசாலைகளில் தரப் புள்ளிகள் கூடின, நோயாளிகளுக்குக் கிடைத்த பலன் அவ்வளவு தெளிவாக இல்லை. மற்றதில், இங்கிலாந்தில் சோதனை தொடங்குமுன்பே, பல மருந்துகளுக்கும் அடங்காத MRSA என்ற கிருமியின் தொற்று குறையத் தொடங்கியிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு மணி அடித்தால் எழும்பி வருகிற தாதி மிஸ்ஸுக்கு எந்தப் படிவத்தில் புள்ளி போடுவார்கள்?

2022இல் டீசல் வரிசையில் நாடே நின்றபோது, தங்கள் கேனிலிருந்து நம் ஜெனரேட்டருக்கு ஊற்றிக் கொடுத்த தோட்டத்து அண்ணன்மாரை எப்படி மறப்போம்? இந்த வதந்தியைப் பார்த்ததும் முதலில் எங்களுக்கு போன் எடுத்துக் கேட்டவர்களும் அவர்கள்தான். மிகவும் நன்றி.

அப்புறம், இரவு மிஸ் ஒருவர் வெளிநாடு போய்விட்டதால், அடுத்த மாதம் முதல் இரவு 8 மணிக்குப் பின் புதிதாக நோயாளிகளைச் சேர்ப்பதில்லை. அவசரம் என்றால் நேரே டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். வார்டு கட்டணத்திலும் சிறு மாற்றம் உண்டு, கவுண்டரில் கேட்டுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
நிர்வாகம்