பில்லருக்கும் தண்ணீர் காட்டுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வீடு கட்டுவோருக்கான பக்கத்தில், தளம் போட்டு ஏழு நாள் தண்ணீர் விட்டால் போதும், அப்புறம் கான்கிரீட் காய்ந்து வலுவாகிவிடும் என்று வந்திருந்தது. கட்டட மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதைப் படித்துவிட்டு யாராவது எட்டாம் நாள் குழாயை மூடிவிடுவார்களே என்றுதான் எழுதுகிறேன்.

கான்கிரீட் காய்ந்து வலுவாவதில்லை. சிமென்ட்டும் தண்ணீரும் சேர்ந்து நடக்கும் வேதிவினையில்தான் இறுகுகிறது. ஆற்றுப் பாலத்துக்குத் தண்ணீருக்குள்ளேயே கான்கிரீட் இறக்குகிறார்களே, அது அங்கேயே இறுகவும் செய்கிறது. உள்ளே உள்ள ஈரம் வற்றிப் போனால் அந்த வினை நின்றுவிடும். அரை வேக்காட்டில் அடுப்பை அணைத்த சோறு மாதிரிதான்.

வீடுகளுக்கு வழக்கமாகப் போடும் எம்-20 கலவை, 28-ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். அதாவது, சோதனைக்கென்று வார்க்கும் 150 மி.மீ. கான்கிரீட் கட்டி (கியூப்) ஒன்றை அழுத்தினால் சுமார் 45 டன் வரை உடையக் கூடாது. சாதாரண சிமென்ட் என்றால் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஏழாம் நாளிலேயே வந்துவிடும். ஏழு நாள் கணக்கு நிலைத்துப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் இப்போது வீட்டு வேலைக்கு வரும் மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் பிபிசி என்று இருக்கும் (லண்டன் வானொலி இல்லை, அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமென்ட்). சாம்பல் தானாக இறுகாது. சிமென்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்போடு சேர்ந்து, நிதானமாகத்தான் வேலை செய்யும். கடைசியில் நல்ல வலு கிடைக்கும், குறை சொல்ல முடியாது. ஆனால் அதுவரை ஈரம் இருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஐ.எஸ். 456 (கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதிநூல்) இதைத் தெளிவாகவே சொல்கிறது: சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், வறண்ட வெயில் இடங்களில் 10 நாள். கலப்பு சிமென்ட்டுக்கு எப்படியும் 10 நாள், முடிந்தால் 14 நாள். விருதுநகர் வெயிலில் பிபிசி போட்டுக் கட்டுகிறவர் 14 என்றே வைத்துக்கொள்ளலாம்.

தளத்தையாவது எல்லோரும் கவனிக்கிறார்கள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள், வீட்டுக்காரரும் மாடியேறிப் பார்க்கிறார். பாவம், பில்லரைத்தான் கேட்க ஆள் இல்லை. மறுநாள் பலகையைப் பிரித்ததும் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் ஹோஸில் பீய்ச்சுவார்கள். சுவரோரத்தில் ஈரம் இறங்குவதற்குள் பில்லர் வெளுத்துவிடும். ஒன்பது அங்குலப் பில்லர் நாலு பக்கமும் காற்றிலும் வெயிலிலும் நிற்கிறது. மாடியின் மொத்தப் பாரமும் இறங்குவதோ அதன் வழியாகத்தான். கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டுக்கம்பியால் கட்டுங்கள், மதியத்திலும் தொட்டுப் பாருங்கள், சாக்கு காயக் கூடாது. லாரித் தண்ணீர் வாங்குகிற ஊரில் நனைத்த சாக்கின் மேல் பாலித்தீன் தாளைச் சுற்றினால் தண்ணீர் செலவு குறையும். உப்பு போர்த் தண்ணீரை மட்டும் கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஈரம் போதாமல் முதலில் கெடுவது மேல்தோல்தான். கம்பியைத் துருவிலிருந்து காப்பாற்றுவதும் அந்த இரண்டு விரற்கடைதான். பூச்சு வேலைக்கு முன் ஒரு பழைய சாவியால் பில்லரைக் கீறிப் பாருங்கள். மாவு மாதிரிப் பொடி உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை என்று சந்தேகப்படலாம். பூசிய பிறகு இப்படிக் கீறிப் பார்க்க வழியில்லை.

'கியூப் பாஸ் ஆகிவிட்டது சார்' என்று ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். சரி, சந்தோஷம். ஆனால் அந்த கியூப் 27 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் 28 நாள் சுகமாகக் கிடந்தது. பில்லர் சித்திரை வெயிலில் நின்றது. கலவை சரியாக இருந்ததா என்பதைத்தான் கியூப் சொல்லும், பில்லரை எப்படி வைத்திருந்தோம் என்று அதற்குத் தெரியாது. வெயிலில் சீக்கிரம் இறுகுவதும் லாபமில்லை. சூட்டில் வேகமாக இறுகிய கான்கிரீட்டுக்கு முதல் சில நாள் வலு கூடுதலாகத் தெரியும், பிற்பாடு அது எட்டும் வலு குறைந்துவிடும். அதனால் கோடையில் உச்சி வெயிலுக்கு முன்னாலோ சாயங்காலமோ கான்கிரீட் போடுவதே நல்லது.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் தளத்தையும் பீமையும் தாங்கும் முட்டுக்கம்புகளைப் பிரிக்கும் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு தாங்கலிலிருந்து அடுத்த தாங்கல் வரை 4.5 மீட்டருக்குள் நீளும் தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14. பீம் என்றால் 6 மீட்டர் வரை 14 நாள், மேலே போனால் 21. இவையும் சாதாரண சிமென்ட்டுக்கான நாட்கள்தான். சென்ட்ரிங் சாமான் அடுத்த சைட்டுக்குப் போக வேண்டும் என்று காண்ட்ராக்டர் அவசரப்படுத்துவார். பிபிசி போட்டிருந்தால், பொறியாளர் வந்து பார்த்துச் சொல்லும்வரை ஒரு முட்டுக்கம்பைக்கூடத் தொட விடக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
விருதுநகர்.