22 குஞ்சுகளும் மூன்று பேரும்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்கா, அண்ணா, எதிர்வீட்டு ஐயா,

வணக்கம். நேற்று இரவு என் தொட்டியிலுள்ள பாங்காய் கார்டினல் ஆண் மீன், வாய்க்குள் வைத்துக் காத்த குஞ்சுகளை வெளியே விட்டுவிட்டது. எண்ணிப் பார்த்தேன், 22. போனில் சொல்லத்தான் நினைத்தேன். தொண்டை அடைத்துக்கொண்டதால் எழுதுகிறேன்.

அக்கா, பாங்காய் கார்டினல் மீனின் இயற்கையான வாழிடம் இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளைச் சுற்றியுள்ள கடல் மட்டும்தான், 2007இலேயே அது அழியும் ஆபத்திலுள்ள இனமாக ஐ.யூ.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் ஏறிவிட்டது என்பதெல்லாம் தெரியாமல், கடலில் பிடித்து வந்த ஒரு ஜோடியை வாங்கி ஒரே மாதத்தில் பறிகொடுத்தவன் நான். அப்படிப்பட்டவனை நம்பி, நீங்கள் தொட்டியிலேயே வளர்த்த ஜோடியைக் கொடுத்தீர்கள். அதுவும் சும்மா இல்லை. உறைய வைத்த இறாலை அவை தின்பதை என் கண்ணால் பார்க்க வைத்த பிறகுதான்.

அப்புறம் நான் செய்த கூத்து அண்ணனுக்குத் தெரியும். புதிதாக வாங்கிய இன்னொரு மீனைத் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்காமல் நேரே விட்டேன். சில நாட்களில் எல்லா மீன்மேலும் உப்புத் தூவியது போல் வெண்புள்ளி, ஒட்டுண்ணியால் வரும் நோய். திட்டுவீர்கள் என்று பயந்தேன், அண்ணா. நீங்களோ ஒரு காலித் தொட்டியையும், உங்கள் தொட்டியில் மாதக்கணக்கில் ஊறி, தண்ணீரைச் சுத்தமாக்கும் நல்ல பாக்டீரியா படிந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். பவளமும் இறாலும் இருக்கும் தொட்டியில் செம்பு மருந்து விட்டால் அவை செத்துவிடும் என்று சொல்லி, மீன்களை மட்டும் மாற்றி, செம்பின் அளவைத் தினமும் சோதிக்கப் பழக்கினீர்கள். பெரிய தொட்டி 76 நாள் மீனில்லாமல் கிடக்க வேண்டும் என்றீர்கள். 40ஆம் நாள் பொறுக்க முடியாமல் போன் செய்தேன். "மீன்மேல புள்ளி இல்ல, சரி. மணல்ல ஒட்டுண்ணியோட கூடு இல்லைன்னு யார் சொன்னது?" என்று கேட்டு வைத்துவிட்டீர்கள். அந்தக் கேள்விதான் என் கையைக் கட்டிப்போட்டது.

ஐயா, நான் ஊரில் இல்லாத மூன்று நாளும் டேப் ஒட்டிய கோடு வரைக்கும் நல்ல தண்ணீர் ஊற்றினீர்கள். கடல் மீனுக்கு உப்பில்லாத தண்ணீரா என்று கேட்டீர்களே, அன்று அவசரத்தில் பதில் சொல்லவில்லை. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். உப்புநீரையே ஊற்றினால் அடர்த்தி, தொட்டியில் இருக்க வேண்டிய 1.025ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். கரண்ட் போன இரவில் பேட்டரி பம்ப்பை மாட்டிவிட்டு விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

கடைசியில் மறுபடியும் அக்கா. ஆண் மீன் சாப்பாட்டை நிறுத்தியதும் நான் மருந்து பாட்டிலையே எடுத்துவிட்டேன். நல்லவேளை, முதலில் உங்களுக்குப் படம் அனுப்பினேன். "தாடை உப்பியிருக்கு பார். அது நோயாளி இல்லப்பா, அப்பா!" வாய்க்குள் முட்டையும் பிறகு குஞ்சுமாக ஏறக்குறைய ஒரு மாதம் பட்டினி கிடந்தது. அதைத் தனியே மாற்றியதும் உங்கள் யோசனைதான். இன்று காலை குஞ்சுகள் ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறாலைத் துரத்தித் தின்றன. நீங்கள் சொன்னபடி கொழுப்பமிலச் சத்தில் ஊறவைத்துத்தான் கொடுத்தேன்.

அண்ணா, உங்கள் தொட்டியைக் கழுவிக் காயவைத்துவிட்டேன். "செம்பு பட்டது, இறால் விடாதே" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி