நீ கேட்ட கேள்விக்கு, அம்மா

கேம்பிரிட்ஜ்
மே 20

அன்புள்ள அம்மாவுக்கு,

தங்கச்சி கையால் நீ எழுதச்சொன்ன கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

நான் நன்றாக இருக்கிறேன். மே மாதத்திலும் இங்கே ஸ்வெட்டர் கழற்றவில்லை. பழைய கோட்டு இன்னொரு குளிருக்குத் தாங்கும், புதிது எதற்கு? எங்கே போனாலும் சைக்கிள்தான். பக்கத்து வீட்டுப் பாட்டி ராத்திரி தன் சைக்கிளைத் துடைக்கும்போது என்னுடையதையும் துடைத்து வைக்கிறார். ஒரு வார்த்தை பேசமாட்டார். நீ கொடுத்த ஏலக்காயில் ஒரு பிடி கொடுத்தேன். மறுநாள் என் வாசலில் ஒரு ஜாம் பாட்டில் இருந்தது.

அப்படி என்னதான் வேலை என்று கேட்டாயே. நம் உடம்பின் ஒரு செல்லுக்குள் இரண்டு மீட்டர் நீள டிஎன்ஏ நூல் இருக்கிறது. ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு சேர்ந்த உருளையில் அது இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியிருக்கும். இப்படி உருளை உருளையாகக் கோத்ததுதான் குரோமாட்டின். ஆனால் ஹிஸ்டோனையும் டிஎன்ஏவையும் சும்மா கலந்தால், எதிரெதிர் மின்னூட்டம் இழுத்து, கண்ட இடத்தில் ஒட்டித் திரிந்த பால் மாதிரி ஆகிவிடும். அதனால் துணைக்கு ஒரு புரதம் வரும். ஏஎஸ்எஃப்1 என்ற அந்தப் புரதம் எச்3, எச்4 என்ற இரண்டு வகை ஹிஸ்டோன் சேர்ந்த ஜோடியைப் பிடித்து, எச்3 இன்னொரு எச்3-யோடு சேரும் பக்கத்தைப் பொத்திக்கொள்ளும். பிறகு சிஏஎஃப்1 என்ற இன்னொரு துணைப் புரதத்திடம் ஒப்படைக்கும். அது டிஎன்ஏ நகலாகும் இடத்திலேயே ஹிஸ்டோனை இறக்கிவிட்டு விலகிவிடும். இப்படித் துணைக்கு வரும் புரதத்துக்கு, வழித்துணை என்ற பொருளில் ‘சாப்பரோன்’ என்று பெயர் வைத்தவர்கள் 1978-ல் இதே ஊரில் தவளை முட்டையை ஆராய்ந்த லாஸ்கி குழுவினர்.

அதைப் படித்தபோது உன் நினைவுதான் வந்தது. கம்பமெட்டு ஏறும் ஜீப்பில், முதல் நாள் தோட்ட வேலைக்கு வரும் பிள்ளையை உன் பக்கத்திலேயே இருத்திக்கொள்வாய். வேறு தோட்டத்தில் இறங்கவிடாமல், அவள் நிரையில் நிறுத்திவிட்டுத்தான் உன் நிரைக்குப் போவாய். அந்த ஜீப் சத்தம் இல்லாமலே எனக்கு இங்கே நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அம்மா. அப்புறம் தூக்கம் வருவதில்லை.

சரி. போடிக்காரர்கள் தங்கச்சியைப் பார்க்க வந்தால், நகை பற்றி நீயாக எதுவும் ஒப்புக்கொள்ளாதே. மாமாவை வைத்துப் பேசு. இந்த மாதப் பணம் பத்து நாள் பிந்தும், வேறொன்றும் இல்லை. மழைக்கு முன்னால் அடுப்படித் தகரத்தை மாற்றிவிடு. பெரியாற்றுத் தண்ணீர் திறந்ததும் சித்தப்பா நடவுச் செலவுக்கு வந்து நிற்பார். கொடுத்தால் அப்பாவின் நோட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்.

உன் மகள்,
செல்வி